துடைக்கத் துடைக்க ஊதா

பாக்டீரியாவுக்கு நிறமேற்றும் கிரிஸ்டல் வயலட் சாயத்தூளைப் புட்டியில் பார்த்தால் யாரும் ஊதா என்று சொல்ல மாட்டார்கள். காய்ந்த நிலையில் அது கரும்பச்சையாக, வண்டின் முதுகைப் போல மினுமினுக்கும். எங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் மேல் தட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த உதவியாளர் அண்ணனின் கையிலிருந்து அந்தப் புட்டி நழுவியபோது, தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பதறவில்லை. துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். தரை பளிச்சென்று இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். பொறுப்பான மனிதர், ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தார்.

துணி போன வழியெல்லாம் தரை ஊதாவானது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு வியர்த்தது. வியர்த்ததும் நெற்றியில் ஒவ்வொன்றாக ஊதாப் புள்ளிகள் முளைத்துக் கன்னத்தில் வழிந்தன. இந்தத் தூள் கண்ணுக்குக் கெடுதல். குழாயடிக்கு இழுத்துப்போய் முதலில் கண்களைக் கழுவ வைத்தேன். கண் தப்பியது. சட்டை தப்பவில்லை.

நான் ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், தேடுவதற்குள் கழிவறை ஆசிட்டைத் தரையில் ஊற்றிவிட்டார். ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாகி மங்கியது. "போயே போய்விட்டது சார்!" என்றார். கடும் அமிலத்தில் இந்தச் சாயம் நிறத்தை மாற்றிக்கொள்ளுமே தவிர இடத்தைக் காலி செய்யாது. ஒரு வாளித் தண்ணீர் விட்டதும் ஊதா திரும்பி வந்தது, முன்பைவிடப் பரந்த நிலப்பரப்பில்.

அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், "இதுதானே ஓட்டு மை?" என்றார். இல்லை, அதில் கறை போடுவது வெள்ளி நைட்ரேட். இன்னொருவர், அயோடின் தடவினால் போகும் என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பெர்லினில் இருந்த டென்மார்க் மருத்துவர் ஹன்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறையே அதுதானே: ஊதாச் சாயம், அதைப் பிடித்து நிறுத்த அயோடின், பிறகு ஆல்கஹால். செல்சுவர் தடித்த பாக்டீரியா ஊதாவைக் கெட்டியாக வைத்துக்கொள்ளும். அது கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவர்க்காரன் ஆல்கஹாலில் வெளுத்துவிடுவான். சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றினால் இளஞ்சிவப்பாவான்.

"உள்ளே போனால் ஏதாவது ஆகுமா சார்?" என்று அண்ணன் கேட்டார். ஒரு காலத்தில் குழந்தைகளின் நாக்கில் வெள்ளைப் படலம் படிந்தால் மருத்துவர்களே இதன் கரைசலைத்தான் தடவினார்கள். அந்தப் படலத்தை உண்டாக்கும் பூஞ்சையைக் கொல்லும். ஜென்ஷியன் வயலட் என்று பெயர். தென் அமெரிக்காவில் சாகஸ் நோய்க்கிருமியை ஒழிக்க, தானமாகப் பெற்ற ரத்தத்திலேயே இதைக் கலந்திருக்கிறார்கள். இவ்வளவும் சொன்னதில் அவர் முகம் தெளிந்தது. விலங்கு ஆய்வுகளில் புற்றுநோய் ஐயம் எழுந்ததால் 2019-இல் கனடா எச்சரித்ததையும், இப்போது வேறு மருந்துகள் வந்துவிட்டதையும் அவர் இரண்டாவது டீ குடித்து முடித்த பிறகே சொன்னேன்.

ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்ததில் உள்ளங்கை ஓரளவு வெளுத்தது. நகக்கண்களும் காது மடலும் அசையவில்லை. வாசலில் நின்றிருந்த இரண்டாம் ஆண்டு மாணவி, "சார், ஸ்பிரிட்டுக்கும் மசியவில்லை. அண்ணன் கிராம் பாசிட்டிவ்!" என்றாள்.

அப்படியென்றால் என்ன என்று அண்ணன் என்னைப் பார்த்தார். வெளிச்சுவர் தடிமன் என்று அர்த்தம் என்றேன்.

"எருமைத் தோல் என்று வீட்டிலும் அதைத்தான் சொல்கிறாள் சார்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.