தையல் பிரிச்சப்புறம்தான் அலைச்சலே ஆரம்பிச்சுது

கை உடைஞ்சிருந்தா எக்ஸ்ரேவ நீட்டிட்டு வந்திருப்பேன். ராத்திரி தூக்கம் இல்ல, பின்னாடி வர்ற பைக் கொஞ்சம் ஸ்லோ ஆனாக்கூட உடம்பெல்லாம் வேர்த்துடுதுன்னா கவுண்டர்ல எதக் காமிக்கிறது? வழிப்பறில கையில கத்தி வெட்டு எனக்கு. புகார், தையல், தையல் பிரிச்சது எல்லாம் ஒழுங்காவே நடந்துச்சு, அதுல சொல்ல ஒண்ணும் இல்ல. நஷ்ட ஈட்டு மனுல மனசுக்கு ஆன பாதிப்பையும் சேர்க்கணும்னு போனேன் பாருங்க, அதுலதான் நாய் படாத பாடு.

க்ளர்க் மனுவ ஒரு புரட்டு புரட்டிட்டு "காயம்தான் ஆறிடுச்சே சார், இது என்ன புதுசா?"ன்னாரு. நான் வழக்கமா பாக்குற டாக்டர் குடுத்த லெட்டர்ல பதட்டம், தூக்கமின்மைன்னு மட்டும்தான் இருந்துச்சு. "எனக்குந்தான் தூக்கம் வரல, எனக்கு யாரு பணம் குடுப்பா"ன்னு பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட சொல்லி சிரிச்சாரு. அந்த சிரிப்பு இன்னும் காதுலயே இருக்கு.

சரின்னு சைக்கியாட்ரிஸ்ட் (மனநல டாக்டர்) ஏற்கனவே குடுத்திருந்த சீட்ட தேடி எடுத்துட்டுப் போனேன். சம்பவம் நடந்த கொஞ்ச நாள்லயே அவரப் பாத்ததால அதுல அக்யூட் ஸ்ட்ரெஸ்னு, அதாவது அதிர்ச்சியான உடனே வர்ற மன பாதிப்புன்னு எழுதியிருந்தார். க்ளர்க் அதையும் பிடிச்சுக்கிட்டார், "அக்யூட்னா தற்காலிகம்தான, இந்நேரம் சரியாப் போயிருக்குமே". டாக்டர் மேல தப்பே இல்லங்க. அறிகுறி ஒரு மாசத்துக்கு மேல நீடிச்சாத்தான் பிடிஎஸ்டின்னு (அதிர்ச்சிக்கு அப்புறம் அடங்காம நீடிக்கிற மன பாதிப்பு) எழுத முடியும், அதுக்கு முன்னாடி யாரும் எழுத மாட்டாங்க, எழுதவும் கூடாது. அதனால சீக்கிரமே போய் ஒரு பதிவு போட்டுக்கோங்க, மாசம் தாண்டியும் அடங்கலன்னா திரும்பப் போய் இன்னொண்ணு வாங்குங்க. முதல் சீட்டு மட்டும் இருந்தா சரியாயிடுச்சும்பாங்க, ரெண்டாவது மட்டும் இருந்தா இவ்ளோ நாள் என்ன பண்ணீங்கம்பாங்க.

ரெண்டாவது தடவை டாக்டர் ஒரு கேள்வித்தாள் குடுத்தார். 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் மார்க், கடைசி ஒரு மாசம் எப்படி இருந்தீங்கன்னு. இதுல வீராப்பு காட்டாதீங்க. ஆம்பளைங்க நெறைய பேர் எனக்கு ஒண்ணும் இல்லன்னு 0 போட்டுட்டு வந்துடறாங்களாம், நானும் பேனாவ அங்கதான் கொண்டு போனேன், கூட வந்த அண்ணன்தான் "டேய், நேத்து ராத்திரி கத்துனது யாரு"ன்னாரு. அந்த மார்க் ஷீட்ட லெட்டரோட சேத்து பின் பண்ணிக் குடுத்ததும் க்ளர்க் வாயே திறக்கல. நம்ம கஷ்டத்துக்கு மதிப்பு கெடயாது, நம்பருக்கு இருக்கு.

நடுவுல இன்னொரு தலைவலி. வெட்டுனவன் முகம் எனக்கு ஞாபகமே இல்ல, ஆனா கத்தியோட பிடில சுத்தியிருந்த கருப்பு டேப் வரைக்கும் சொல்வேன். "அவ்ளோ கிட்ட நின்னவன் முகத்த எப்படி சார் பாக்காம இருப்பீங்க"ன்னு வாக்குமூலம் எழுதுறவர் கேட்ட தொனிலயே நான் பொய் சொல்றேன்னு முடிவு பண்ணிட்டார்னு தெரிஞ்சுது. ஆயுதத்தப் பாத்தா கண்ணு பெரும்பாலும் அதுலயே நின்னுடும், முகம் சரியாப் பதியாது, சாட்சிகள வெச்சு இத ரொம்ப காலமாவே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சைக்காலஜிஸ்ட் இத அரைப்பக்கம் எழுதிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் அந்தக் கேள்வி வரல. நீங்களும் கேட்டு வாங்குங்க.

அப்புறம் கதைய ஒவ்வொரு மேஜைலயும் முதல்ல இருந்து சொல்ல வைப்பாங்க. சொன்ன அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. ஒரு தடவை தெளிவா எழுதி கையெழுத்துப் போட்டு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு, கேக்குறவங்களுக்கு அதக் குடுங்க. எனக்கு பாதி மேஜைல அது போதுமானதா இருந்துச்சு.

ட்ரீட்மென்ட் பத்தியும் சொல்லிடறேன், அங்கயும் கொஞ்ச நாள் வீணாப் போச்சு. முதல்ல தூக்கத்துக்குன்னு அல்பிரசோலம், பதட்டத்தக் கொறைக்கிற மாத்திரை. அந்த வகை மாத்திரை பிடிஎஸ்டிக்கு ஒத்துவராதுன்னு சிகிச்சை வழிகாட்டுதல்லயே இருக்குன்னு அப்புறந்தான் சைக்கியாட்ரிஸ்ட் சொல்லி, படிப்படியா கொறச்சு நிறுத்துனார் (நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, அது வேற ஆபத்து). அதுக்கப்புறம் பொதுவான கவுன்சிலிங், பாசிட்டிவா நெனைங்க, மறந்துடுங்க, அவ்ளோதான். கடைசில எனக்குப் பலன் குடுத்தது எக்ஸ்போஷர் தெரபி, பயந்து ஒதுக்குறத கொஞ்சம் கொஞ்சமா நேரா எதிர்கொள்ள வைக்கிற சிகிச்சை. கண்ண மூடிக்கிட்டு அன்னிக்கு நடந்தத இப்போ நடக்கற மாதிரி சொல்லணும், அத ரெக்கார்ட் பண்ணி வீட்ல தினமும் கேக்கணும், போகாம ஒதுக்குன இடங்களுக்கு லேசானதுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா போகணும். வழக்கமா 8ல இருந்து 15 செஷன் வரைக்கும் போகும், ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம். ஆரம்பத்துல சிலருக்கு முன்னவிட மோசமாகலாம், எனக்கு அப்படித்தான் ஆச்சு, பாதில ஓடிடலாம்னே பாத்தேன். தெரபிஸ்ட் அத முன்னாடியே சொல்லி வெச்சிருந்ததாலதான் திரும்பப் போனேன். புதுசா ஒருத்தர்கிட்ட போறீங்கன்னா முதல் நாளே கேட்டுடுங்க, ட்ராமாவுக்குன்னு, அதாவது இந்த மாதிரி மன அதிர்ச்சிக்குன்னு தனியா பயிற்சி எடுத்திருக்காங்களான்னு. கேட்டா கோச்சுக்கறவங்ககிட்ட போகவே வேணாம்.

இப்ப பின்னாடி பைக் வந்தா திரும்பிப் பாப்பேன், ஆனா நடக்கறத நிறுத்தறதில்ல. சத்தமா கதவு சாத்துனா இன்னும் தூக்கிவாரிப் போடுது. மனுவ எடுத்துக்கிட்டாங்க, பணம் இன்னும் வரல. லெட்டர் எல்லாத்துக்கும் ஒரிஜினல நீங்களே வெச்சுக்கிட்டு காப்பிய மட்டும் குடுங்க, குடுத்ததுக்கு சீல் போட்ட ரசீது வாங்காம கவுண்டர விட்டு நகராதீங்க. என் மார்க் ஷீட்ட உள்ள ஒரு தடவை தொலைச்சுட்டு, நான் குடுக்கவே இல்லன்னு சாதிச்சாங்க.