80,000 கலம் நெல்லும் ஒருவருடைய வாக்கும்

ஒருவருடைய விசுவாசம் அவர் குணத்தை மாற்றியிருக்கிறதா என்பதை அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களே முதலில் அறிவார்கள் என்று நான் நம்புகிறேன். தஞ்சைச் சீமையில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவனாகிய எனக்கு இந்த எண்ணத்தைத் தந்தது ஷ்வார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனெரியின் வரலாறு.

ஜெர்மனியிலிருந்து 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து, 1778இல் தஞ்சாவூரில் நிலைகொண்டு, 1798இல் அங்கேயே மரித்தவர் அவர். ஹைதர் அலியின் படை சோழநாட்டைச் சூறையாடிய காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் நெல் தீர்ந்துபோயிற்று. கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் கோட்டைக்குக் கொண்டுவர ஒருவரும் இசையவில்லை. பணம் தருகிறோம் என்று அரண்மனை சொன்னதை எவரும் நம்பவில்லை, ஏனெனில் முன்னர் அப்படிச் சொன்னவர்கள் கொடுத்ததில்லை. நம் எல்லாருடைய வாக்கும் செல்லாமல் போய்விட்டது, ஷ்வார்ட்ஸ் சொன்னால் ஜனங்கள் நம்புவார்களா என்று பார்ப்போம் என்று மன்னர் துளஜா சொன்னதாக ஐயரே பதிவு செய்திருக்கிறார். விலையை என் கையாலேயே கொடுப்பேன் என்று அவர் ஊர்களுக்குச் சொல்லியனுப்பிய ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும், வெகு சீக்கிரத்தில் 80,000 கலம் நெல்லும் வந்து சேர்ந்தன. சொன்னபடியே அவர் பணத்தையும் கொடுத்துத் தீர்த்தார். பின்னொரு சமயம், விளைந்ததையெல்லாம் பறிகொடுத்து ஊரைவிட்டே ஓடிப்போன குடியானவர்களை அரசு எவ்வளவோ அழைத்தும் வராதிருக்க, அவர் வாக்குக் கொடுத்ததும் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள்.

அவர்களில் மிகப் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர்; அவர் போதித்த மார்க்கத்தில் சேரும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகவும் தெரியவில்லை. வேகவைத்த சோறும் காய்கறியுமே போதும் என்று வாழ்ந்து, தமக்கென்று எதையும் தேடாத ஒருவரை ஆண்டுக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்ததனால் அவர்கள் நம்பினார்கள். தஞ்சாவூர்ச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஆலயத்தில், அவருடைய மரணப் படுக்கையருகே சரபோஜி மன்னர் நிற்பதாகச் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். கடைசிவரை தம் மதத்திலேயே நிலைத்திருந்த சரபோஜி, தம்மை வளர்த்துக் காத்த குருவுக்காக லண்டனில் செய்வித்துத் தருவித்தது அது.

மாயூரத்தில் முன்சீபாக, அதாவது நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளையையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். லஞ்சத்தை எதிர்த்துப் பாட்டெழுதிய அந்தக் கத்தோலிக்கர், 1876-78 பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார்.

பெரியவர்களின் வரலாறு அது. எங்கள் குடும்பத்தில் நடந்ததையும் சொல்கிறேன். அறுவடைக் கூலியை நெல்லாகவே அளந்த காலத்தில், எங்கள் பெரியப்பா களத்தில் மரக்கால் என்னும் அளவுப் படியைப் பிடித்து அளப்பவர். கூலிக்கு அளக்கும்போது மரக்காலின் விளிம்போடு கையை ஓட்டித் தலைவழித்து அளப்பதும், கடன் நெல்லைத் திரும்ப வாங்கும்போது அதே மரக்காலில் கோபுரமாகக் குவித்து அளப்பதும் அன்றைக்கு மிராசுதாரர் களங்களில் வழக்கம். அவரும் அப்படியே செய்துவந்தார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன ஆயக்காரன் சகேயுவைக் குறித்து ஒரு உயிர்மீட்சிக் கூட்டத்தில் பிரசங்கம் கேட்டு வந்த ஆண்டில், அவர் அளவை மாற்றினார். கூலிக்குக் குவித்தார், கடனுக்குத் தலைவழித்தார். காரணம் கேட்டவர்களிடம், "இவ்வளவு நாள் திருடினேன்" என்று மட்டும் சொன்னார். கூலி வழக்கத்தையே கெடுக்கிறான் என்று பக்கத்துக் களத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் அறுப்பு நெருக்கத்தில் ஆட்கள் எங்கள் வயலையே நாடி வந்ததால், இரண்டு மூன்று போகத்துக்குள் அவர்களும் மரக்காலைக் குவிக்க வேண்டியதாயிற்று. ஒருவருடைய மனந்திரும்புதல் ஊருக்கு நன்மையாவது இவ்வாறுதான் என்று நான் எண்ணுகிறேன். பெரியப்பா யாருக்கும் உபதேசம் செய்ததாக எனக்கு நினைவில்லை.

இவ்வளவும் சொல்லும்போது சாதியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பொய்யாகிவிடும். ஷ்வார்ட்ஸுக்கு முன்னே வந்த மிஷனெரி சீகன்பால்கு 1718இல் தரங்கம்பாடியில் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை இருந்தது. ஆராதனையிலும் நற்கருணையிலும் சாதி வேற்றுமை கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, எதிர்த்து நின்றது ஷ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த அதே தஞ்சைச் சபை. நம் நாவில் நிற்கும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தைக் காத்து நின்றவர்களில் ஒருவர் என்பதை மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். நெல்லின் அளவைத் திருத்திக்கொண்ட நாங்கள், மனிதரை அளக்கும் அளவைத் திருத்திக்கொள்ளவில்லை. என் பெரியப்பாகூடத் தம் களத்தில் கூலி வாங்கியவர் வீட்டில் பெண் எடுக்கச் சம்மதித்திருக்க மாட்டார்.

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இரு சாதியாருக்கு நடுவே ஒரு குட்டைச் சுவர் இன்னும் இருக்கிறது. அதை இடித்து நிலத்தை ஒன்றாக்க வேண்டும் என்று வாலிபர் சங்கத்தார் இந்த ஆண்டு சபைக் கமிட்டிக்கு எழுத்துமூலமாக விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். நானும் அதில் கையொப்பமிட்டிருக்கிறேன். அறுப்பின் பண்டிகைக்கு முன்பாக அதை விவாதத்துக்கு எடுக்கும்படி கமிட்டியைக் கேட்டிருக்கிறோம்.