மேல்மாடியில் ஒழுகியது

நவம்பர் 30, 2024, சனி

ஃபெஞ்சல் புயல் இன்று கரையைக் கடக்கிறது. ஆதம்பாக்கத்தில் காலையிலிருந்து மழை விடவில்லை. மாலையில் எங்கள் மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் தம்பி போன் செய்தார். "அக்கா, ஃபேன் கம்பி வழியா தண்ணி இறங்குது." மெயினை உடனே அணைக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். மெத்தை ஊறிக் கனத்துக் கிடந்தது. பீரோ மேலிருந்த அட்டைப்பெட்டி பிய்ந்து தொங்கியது. மொட்டைமாடியில் கணுக்கால் அளவு தண்ணீர். குழாய் வாயை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. கைவிட்டு அள்ளியதும் சுழித்துக்கொண்டு இறங்கியது. மழைக்கு முன்பே ஆள் வைத்துக் கூட்டியிருக்க வேண்டும். அது என் வேலை.

டிசம்பர் 1, ஞாயிறு

எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, வாங்கிய வருஷத்தோடு எழுதி வைத்தோம். "எதுக்குக்கா இதெல்லாம்" என்று கூச்சப்பட்டார். டிவியைப் போட்டுப் பார்க்கப் போனவரைத் தடுத்தேன்; மெக்கானிக் திறந்து பார்க்கட்டும்.

பெட்டிக்குள் அவர் அப்பா அம்மாவின் கல்யாணப் படங்கள், கறுப்பு வெள்ளை. ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரிக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டேன். 2015 வெள்ளத்தில் என் அம்மாவின் படங்களை நான் அப்படித்தான் இழுத்தேன். முகம் தாளோடு உரிந்து வந்துவிட்டது. ஈரம் இரண்டு நாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதனால் கவரில் சுற்றி எங்கள் ஃப்ரீசரில் வைத்தேன்.

டிசம்பர் 4, புதன்

சில படங்களை மட்டும் எடுத்து, பனி விட்டதும் தட்டில் குளிர்ந்த நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் ஓரம் தானாக விலகியது. படத்தின் மேல் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து எடுத்து, நிழலில் வெள்ளைத் துணி மேல் பரப்பினோம். மணமகளின் நெற்றிச்சுட்டி அப்படியே இருந்தது. தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

பொருள் சேதத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை என்றார் என் கணவர். உண்மைதான். ஆனால் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம், கட்டிடத்தின் அமைப்பு சார்ந்த பழுதை உரிமையாளர் தலையில்தான் வைக்கிறது. கூரை என்னுடையது என்றால் அதிலிருந்து ஒழுகியதும் என்னுடையதுதானே? தம்பி பாதி போதும் என்றார். மெத்தைக்கு முழு விலை, டிவிக்கு ரிப்பேர் செலவு. இரண்டையும் வாடகையில் கழிக்காமல் கையில் கொடுத்தேன். வாடகைக் கணக்கு வேறு, இது வேறு.

மொட்டைமாடியில் பதித்த தட்டை ஓடுகள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் இடுக்குகளைக் கொத்திப் பூச முடியும் என்கிறார் கொத்தனார். அதுவரை தார்ப்பாய். ஃப்ரீசரில் இன்னும் ஆறு படங்கள் இருக்கின்றன.