நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

வயிற்றில் ரெட்டை என்றதும் அப்பத்தா கேட்பது, “ஒட்டு வாழைப்பழம் தின்னியா தாயி?” ஸ்கேன் அறையில் கேட்க வேண்டியது வேறு: நஞ்சுக்கொடி (பிளசென்டா, சுருக்கமாக நஞ்சு) ஒன்றா, இரண்டா? பின்னால் வரும் எந்தக் கெட்ட செய்தியின் கனமும் இந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

இதைத் தெளிவாகச் சொல்லக்கூடிய காலம் 11 முதல் 14 வாரம். இரண்டு பனிக்குடத்துக்கும் நடுவே உள்ள சவ்வு நஞ்சைத் தொடும் இடம் முக்கோணமாகத் தடித்திருந்தால் அது ‘லாம்டா’ அடையாளம், இரண்டு நஞ்சு. சவ்வு மெலிதாக நேரே வந்து தொட்டால் ‘டி’ அடையாளம், ஒரே நஞ்சு. ரிப்போர்ட்டில் முன்னது டி.சி.டி.ஏ., பின்னது எம்.சி.டி.ஏ. நடுச் சவ்வே இல்லாத எம்.சி.எம்.ஏ. அபூர்வம். அதில் இரு தொப்புள்கொடிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் என்பதால் கண்காணிப்பு இன்னும் கடுமையாக இருக்கும்.

மாதம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும். அதனால் அந்த 12-வது வாரப் படம் பத்திரமாக இருக்க வேண்டும். ஸ்கேன் படத் தாள் சூடு பட்டால் நிறம் மாறும். லேமினேஷன் போட்டால் மொத்தமும் கறுத்துப்போகும். மதுரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தாலே போதும். கையில் வாங்கியதும் செல்போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இரண்டு நஞ்சு என்றால் பொதுவாக நாலு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஒரே நஞ்சு என்றால் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. “போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்ற பேச்சு இங்கே செல்லாது. ஒரே நஞ்சில் இரு பிள்ளைகளின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். வரவும் போக்கும் சமமாக இருக்கும்வரை தொல்லை இல்லை. ரத்தம் ஒரு பக்கமாகவே போகத் தொடங்கினால், கொடுக்கிற பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்து பனிக்குடம் வற்றும். வாங்குகிற பிள்ளைக்குச் சிறுநீர் கூடிப் பனிக்குட நீர் பெருகும், இதயம் திணறும். இதைத்தான் டி.டி.டி.எஸ். என்று எழுதுகிறார்கள். ஒரே நஞ்சுக் கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இது வருகிறது, பெரும்பாலும் 16-க்கும் 26-க்கும் இடைப்பட்ட வாரங்களில்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது நீரின் ஆழம். ஒரு பக்கம் 2 செ.மீ.க்குக் கீழே, மறுபக்கம் 8 செ.மீ.க்கு மேலே (20 வாரம் தாண்டினால் சில இடங்களில் 10 என்று கணக்கு). டி.டி.டி.எஸ்.-ஐ ஐந்து நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் கொடுக்கிற பிள்ளையின் மூத்திரப்பை தெரியும், இரண்டாவதில் தெரியாது. மூன்றாவதில் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ஓட்டம் கெட்டிருக்கும், நான்காவதில் பிள்ளைக்கு நீர்கோத்து வீக்கம், ஐந்தாவது இழப்பு. வரிசைப்படிதான் போகும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, ஒரே வாரத்தில் ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவலாம். இரண்டு மூன்று நாளில் வயிறு விறைத்துப் பெருத்து, மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால் அதை வாயுத் தொல்லை என்று விடாதீர்கள். அன்றைக்கே ஸ்கேன்.

முதல் நிலையில் பெரும்பாலும் வாரந்தோறும் பார்த்துக்கொண்டே போவார்கள். இரண்டாவது நிலையிலிருந்து லேசர்: மெல்லிய குழாயை வயிற்று வழியே விட்டு, நஞ்சின் மேலுள்ள இணைப்புக் குழாய்களை அடைத்து, மிகுந்த நீரை வடித்துவிடுவார்கள். பனிக்குடம் முன்னதாக உடைவதும், ஒரு பிள்ளை தங்காமல் போவதும் அதில் உள்ள ஆபத்துகள். இதைச் செய்பவர்கள் குறைவு, சென்னை வரை போக நேரலாம். அஷ்டமி, நவமி பார்த்து இரண்டு நாள் தள்ள வேண்டாம். கிளம்புமுன் போனில் கேளுங்கள்: லேசர் அங்கேயே செய்கிறார்களா, நாளைக்கே பார்ப்பார்களா, முன்பணம் எவ்வளவு, முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா. பயணத்துக்கு முன் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள், 25 மி.மீ.க்குக் கீழே என்றால் எப்படிப் போவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

“தண்ணி நல்லாக் குடி, இளநி குடி, அசையாமப் படு” என்று வீட்டில் சொல்வார்கள். இளநீரால் இந்தக் குழாய்களின் ஓட்டம் மாறாது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

அடுத்து எடை வித்தியாசம். பெரிய பிள்ளை 1,200 கிராம், சின்னது 900 என்றால் வித்தியாசம் 300, அதைப் பெரியதன் எடையால் வகுத்தால் 25 சதவீதம். கவலைக்கான கோடு அங்கேதான். ஆனால் ஸ்கேன் எடை மதிப்பீடுதான், பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கும். மனசு கேட்காமல் நாலாம் நாளே வேறு சென்டரில் அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதே டாக்டரிடம், இரண்டு வார இடைவெளியில் அளந்தால்தான் வளர்ச்சி தெரியும். டாப்ளர் மட்டும் வேண்டுமானால் இடையிலும் பார்க்கலாம்.

ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டால்? இரண்டு நஞ்சு என்றால் மற்றது பெரும்பாலும் தொடர்ந்து வளரும். ஒரே நஞ்சில், உயிரோடிருக்கும் பிள்ளையின் ரத்தம் அந்த நொடியே மறுபக்கம் பாய்ந்து மூளை பாதிக்கப்படலாம். நடக்க வேண்டியது அப்போதே நடந்துவிடுவதால் அவசரமாக வெளியே எடுப்பதில் பெரும்பாலும் பலன் இல்லை. சில வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

இரண்டு ஸ்கேனுக்கு நடுவே உள்ள நாட்கள்தான் கொடுமை. அறைக்குள் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. நீர் அளவு, எடை, டாப்ளர், அடுத்த தேதி, எது நடந்தால் அதற்கு முன்பே வர வேண்டும். இந்த ஐந்தும் எழுதாமல் வெளியே வராதீர்கள். சொந்தங்களுக்குப் பதில் சொல்ல மாமாவோ மதனியோ ஒருவர் போதும். மாசமாக இருப்பவள் ஒரே கதையை இருபது பேருக்குச் சொல்லி அழ வேண்டியதில்லை. தூக்கம் பிடிக்காமல் நெஞ்சு படபடத்தால் அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

அடிவயிறு விட்டுவிட்டு இறுகினால் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது வழக்கம். ரெட்டையில் அந்தச் சோதனை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் பிள்ளைகளின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஊசி போடுவார்கள்: டெக்சாமெத்தசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாலு ஊசி. நாலும் முடிய ஒன்றரை நாள் ஆகும், தாமதமாகப் போனால் அந்த அவகாசம் கிடைக்காது. சுகர் உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் சர்க்கரை ஏறும், இன்சுலின் கூட்ட வேண்டி வரலாம்.

“ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசம் தங்காது” என்பது சுத்தப் பொய். 34 வாரப் பிள்ளை 30 வாரப் பிள்ளையைவிடப் பொதுவாக நல்ல நிலையில்தான் இருக்கும். சிக்கல் எதுவும் இல்லையென்றால் பிரசவம் வைப்பது இரண்டு நஞ்சுக்கு 37 வாரம், ஒரே நஞ்சுக்கு 36, ஒரே பனிக்குடத்துக்கு 32 முதல் 34. ஜோசியர் இந்த வரம்புக்குள் நாள் குறித்தால் சரி.

வளைகாப்பு முடித்துத் தாய்வீடு போவதையும் யோசிக்க வேண்டும். உசிலம்பட்டிக்கு அப்பாலோ பேரையூர்ப் பக்கமோ தாய்வீடு என்றால், 28 வாரத்துக்குப் பிறகு அம்மா மதுரைக்கு வந்து மகளோடு இருப்பதே நல்லது. ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு குறைமாதப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் வைக்க இன்குபேட்டரும் வென்டிலேட்டரும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிள்ளை மட்டும் ஆம்புலன்சில் வேறிடம் போகும். மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் (அரசு ராஜாஜி மருத்துவமனை) பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு. ஒன்று மட்டும்: சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தல்லாகுளமும் கோரிப்பாளையமும் பாலங்களும் அடைபட்டுவிடும். 30 வாரம் தாண்டியவர் வைகையின் தென்கரையில் இருந்தால், அந்த இரண்டு மூன்று நாளும் ஆஸ்பத்திரி இருக்கும் கரையிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.