ஜஸ்ட்டின் அறையில் பிறந்த அமைப்பு

1911 நவம்பர் 17, வாஷிங்டன், ஹோவர்டு பல்கலைக்கழகம். உயிரியல் பேராசிரியர் எர்னஸ்ட் ஜஸ்ட் என்பவரின் அறையில் எட்கர் லவ், ஆஸ்கர் கூப்பர், ஃபிராங்க் கோல்மன் என்ற மூன்று மாணவர்கள் கூடி ஒமேகா சை ஃபை என்ற சகோதரத்துவ அமைப்பை, அதாவது கல்லூரி ஆண் மாணவர்களின் சங்கத்தை, தொடங்கினார்கள். கறுப்பினத்தவருக்கான பல்கலைக்கழகம் ஒன்றிலேயே பிறந்த முதல் கறுப்பின மாணவர் சகோதரத்துவம் இதுதான். நிர்வாகம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. வளாகத்துக்குள் மட்டும் இயங்குங்கள், தேசிய அமைப்பெல்லாம் வேண்டாம் என்றது. மாணவர்கள் விடவில்லை, 1914இல் சட்டப்படி பதிவே செய்துவிட்டார்கள். அப்புறம் லவ் மெதடிஸ்ட் பிஷப் ஆனார், கூப்பர் மருத்துவர், கோல்மன் இயற்பியல் பேராசிரியர்.

என் மனம் ஜஸ்ட்டிடமே நிற்கிறது. கடல் உயிரினங்களின் முட்டைகள் கருவுறுவதை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். அவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கு, நிறத்தின் காரணமாக, அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் எதுவும் இடம் தரவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்! கடைசியில் ஐரோப்பாவுக்குப் போய்த்தான் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.