கடைசி வரிசையில் இருந்து வந்தவர்

எங்க ஊர்ப்பக்கம் கோயில் திருவிழா என்றால் பாடகருக்கு மாலை, கீபோர்டுக்காரருக்குக் கைத்தட்டல். டிரம்ஸ்காரன் கடைசி வரிசையில், ஸ்பீக்கர் மறைவில். பதினேழு வருஷமா நான் உட்கார்ந்திருக்கிற இடம் அதுதான். "லே மக்கா, எத்தன நாளு இப்பிடி கொட்டிட்டே இருப்ப?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க டிரம்ஸ்காரர் நாரதா மைக்கேல் வால்டன் ஞாபகம்தான் வரும்.

1974இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் பில்லி கோபாம் விட்டுப்போன டிரம்ஸில் வந்து உட்கார்ந்தவர். எவ்வளவு பெரிய இடம் அது! நாரதா என்பது குரு ஸ்ரீ சின்மய் வைத்த பெயர். அப்புறம் பாடகர்களின் ஆல்பங்களை உருவாக்கித் தரும் இசைத் தயாரிப்பாளர் ஆனார். 1985இல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் ஆல்பம், 1987இல் பாடகி விட்னி ஹூஸ்டனின் இரண்டாவது ஆல்பத்தில் பெரும்பகுதி. 1988இல் சிறந்த தயாரிப்பாளருக்கான கிராமி இசை விருது.

பாட்டு எங்கே மூச்சு வாங்கும் என்று டிரம்ஸ்காரன் கைக்குத் தெரியும். போன வாரம் குலசேகரத்தில், ரப்பர் தோட்டத்து வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு பதிவு. சரணத்துக்கு முன்னால் நான் ஆசையாக அடித்து வைத்திருந்த டிரம்ஸ் ரோலை, அந்தத் தொடர் உருட்டலை, நானே அழித்தேன். அந்த இடத்தில் பாடுகிற பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு அழகு! பாட்டு அப்போதுதான் எழுந்து நின்றது.

ஸ்நேர் டிரம் மேலே ஒட்டியிருந்த டேப்பை இன்னும் பிரிக்கவில்லை. ஓட்டில் மழைச்சத்தம் நின்றதும் அடுத்த பாட்டைத் தொடங்க வேண்டும்.