சித்தப்பாவோட ஆட்டோ கணக்கு

போன ஞாயித்துக்கிழம காலைல சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன், திருவொத்தியூர்ல எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டி இருக்குற குப்பம், நான் பொறந்து வளந்த எடம், இப்ப வியாசர்பாடில இருந்தாலும் மீன் வாங்கணும்னா இங்கதான் வருவேன். நான் போன நேரம் ஒரு பொண்ணும் பையனும் டேப்லெட்டோட உக்காந்து சித்தப்பாகிட்ட ஏதோ கேட்டுட்டு இருந்தாங்க, பருவநிலை மாற்றம் சர்வேவாம். "கடல் மட்டம் உயர்றதுக்கு நீங்க எப்படித் தகவமைச்சுக்குறீங்க"ன்னு அந்தப் பையன் படிச்சான். சித்தப்பா என்னைப் பாத்து "இன்னாடா கேக்குறாரு"ன்னாரு. கடல் உள்ள வந்ததுக்கு அப்பால பொழப்ப எப்படி மாத்திக்கினன்னு கேக்குறாங்கன்னேன். "ஆட்டோ புடிச்சுப் போறேன்னு சொல்லு."

அவங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. சித்தப்பா சிரிக்கல.

முன்னாடியெல்லாம் வாசல்ல எறங்குனா மணல், மணல்ல கட்டுமரம், அவ்ளோதான் தூரம். அந்தக் கரை போனதுக்குப் பருவநிலை மட்டும் காரணம் இல்ல, அதையும் சொல்லிடணும். 1875ல அடிக்கல் நாட்டுனாங்களே சென்னைத் துறைமுகம், அங்க ஆரம்பிக்குது கதை. வருஷத்துல பெரும்பாலான மாசம் கடல் மணல் தெக்கேர்ந்து வடக்கால போகும், துறைமுகச் சுவரு அத மறிச்சுக்கிச்சு, தெக்க மெரினா அகலமாயிட்டே போச்சு, வடக்க ராயபுரம் காசிமேடு திருவொத்தியூர்னு வரிசையா கரைய ஆரம்பிச்சுது. மெரினால சுண்டல் துன்றவன்லாம் நம்ம மணல் மேலதான் உக்காந்துக்கினுகீறான்னு நைனா சொல்வாரு. இப்ப அதுக்கு மேல கடல் மட்டமும் ஏறுது, புயலும் வருது, கரையே இல்லாத ஊருக்கு அது எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அப்புறம் கடல் இன்னும் உள்ள வராம இருக்கக் கரையோரமா கல்லு கொட்னாங்க. கொட்டலன்னா ரோடும் இருந்திருக்காது, எங்க வீடும் இருந்திருக்காது, அத நான் மறுக்கல. ஆனா கல்லு வந்த எடத்துல போட்டை எங்க ஏத்துறது, வலைய எங்க காய வைக்கிறது? எங்க ஆயா கடைசி வரைக்கும் ரோட்டோரத்துல சாக்கு விரிச்சுத்தான் கருவாடு காய வச்சுது. கன்டெய்னர் லாரி ஓடுற ரோடு. சாயங்காலம் ஆனா நெத்திலிய ஒரு கை எடுத்து, தட்டி, ஊதி, திரும்ப ஒரு கை எடுத்து, இப்படியே இருட்டுற வரைக்கும் உக்காந்திருக்கும். கையெல்லாம் கருப்பா ஆயிடும்.

தூண்டில் வளைவு, அதான் கரைலேர்ந்து கடலுக்குள்ள நீட்டுற கல்லுச் சுவரு, அது போட்ட எடத்துல ரெண்டு வளைவுக்கு நடுவுல கொஞ்சம் மணல் தங்குது, இல்லன்னு சொல்லல. ஆனா அது வடக்கால இருக்குற அடுத்த குப்பத்துக்குப் போக வேண்டிய மணல், அவங்க கரை கரையும், அவங்க மனு குடுப்பாங்க, அவங்களுக்கும் ஒரு வளைவு வரும், அப்புறம் அவங்களுக்கும் வடக்கால இருக்குறவங்க மனு.

பணம் இல்லாமலும் இல்ல. 2023-24 தமிழ்நாடு பட்ஜெட்ல நெய்தல் மீட்சி இயக்கம்னு, உலக வங்கி நிதியோட அஞ்சு வருஷத்துல 2,000 கோடின்னு அறிவிச்சாங்க (பேரு எனக்கு ரொம்பப் புடிச்சுது). மத்திய அரசோட 15வது நிதிக்குழு 2021லேர்ந்து 2026 வரைக்கும் நாடு முழுக்க கடல் அரிப்பு, ஆத்து அரிப்பைத் தடுக்க 1,500 கோடி, அரிப்புல வீடு போனவங்கள வேற எடத்துல குடியேத்தத் தனியா 1,000 கோடின்னு பரிந்துரை பண்ணுச்சு. பருவநிலை மாற்றத்துக்குன்னு 2015ல ஆரம்பிச்ச தேசியத் தகவமைப்பு நிதின்னு ஒண்ணு நபார்டு வங்கி வழியா வந்துது, தூத்துக்குடி பக்கம் வான் தீவு கரைஞ்சு போகாம இருக்கச் செயற்கைப் பவளப்பாறை எறக்குனது அந்தப் பணத்துலதான். நல்ல வேலை அது.

ஆனா பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வச்சிருக்குற பட்டியல்ல புயல் இருக்கு, வெள்ளம் இருக்கு, சுனாமி இருக்கு, பயிர்ல பூச்சி விழுறது கூட இருக்கு, கடல் அரிப்பு இல்ல. புயல்ல செவுரு விழுந்தா நிவாரணம். புயலே இல்லாத ஒரு பௌர்ணமி ராத்திரி அலை அடிச்சு அதே செவுரு விழுந்தா? மாநில அரசு அத உள்ளூர்ப் பேரிடர்னு அறிவிச்சு, அந்த நிதியில 10 சதவீதத்துக்குள்ள பாத்துக் குடுக்கணும்.

எனக்கு என்ன தோணுதுன்னா, பணம் எண்ணிக் காட்ட முடியுற எடத்துக்குத்தான் சுலபமாப் போகுது. கல்லுன்னா எத்தன டன்னு, மரக்கன்னுன்னா எத்தன ஆயிரம், போட்டோ புடிச்சுப் போடலாம். தெனம் தெனம் ஆகுற செலவுக்கு அந்த ஃபாரத்துல கட்டமே இல்ல. கோடில ஒரு துண்டை ஊர் பஞ்சாயத்துகிட்டயும் பொம்பளைங்க குழுகிட்டயும் நேரா குடுத்து, போட்டை இழுக்க ஒரு வின்ச்சோ, கருவாடு காய வைக்க ஒரு மேடையோ, எது வேணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்னு விடலாம். பஞ்சாயத்துல சண்டை வரும், நிச்சயமா வரும், அது எங்க ஊரு, எனக்குத் தெரியாதா.

சித்தப்பா போட்டு இப்ப காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல நிக்குது. வலை, ஐஸ் பொட்டி, டீசல் கேனு எல்லாத்தோடயும் போக வர ஆட்டோ 200 ரூபா. மாசம் 20 நாள் போனாக்கூட 4,000, வருஷத்துக்கு 48,000. அந்தப் பொண்ணு இத டேப்லெட்ல எங்க போடுறதுன்னு மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துச்சு, கடைசில 'இதர'ன்னு இருந்த கட்டத்துல ஆட்டோன்னு மட்டும் அடிச்சுது.

"மழையில 300 கேப்பான், அதையும் எழுதிக்கம்மா"ன்னாரு சித்தப்பா.